எழுதாமல் விட்ட இரண்டு விசிட்

நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த அறையில் இப்போது காபி மெஷின் வைத்திருக்கிறார்களாம். கூட வேலை பார்த்த ஒருத்தி போட்டோ அனுப்பியிருந்தாள். கம்பெனி கிளினிக்கை மூடிவிட்டு ஊழியர்களுக்கு போனில் ஒரு ஆப் கொடுத்துவிட்டார்கள். மனசு சரியில்லை என்றால் அந்த ஆப்பைத் திறந்து ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைத் தொட வேண்டும். எட்டோ அதற்கு மேலோ தொட்டால் யாரோ கூப்பிடுவார்களாம். நம் ஆட்கள் எதைத் தொடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றைத் தொட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போவார்கள்.

வேறு கம்பெனிகளில் இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு தமிழ் நர்ஸ் பெண்கள் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "நம்ம ஊர் ஆளுங்க வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசில இதை எழுதாதீங்கன்னு கெஞ்சுறாங்க ஆன்ட்டி. என்ன பண்றது?" எழுது என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு நாள் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் எழுதாமல் விட்டவள். அதையும் சொன்னால்தான் அந்தப் பதிலுக்கு மரியாதை.

என் பூர்வ கதை சின்னது. நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். குவைத்தில் ஆறு வருஷம். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, லைசன்ஸ் பரீட்சை எழுதி, முதியோர் இல்லத்தில் கொஞ்ச காலம், எமர்ஜென்சியில் கொஞ்ச காலம். முதுகு போன பிறகு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ தூரத்தில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியில், ஊழியர்களின் உடல்நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸாகச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் நான் ஆபீசில் பேண்ட்-எய்ட் ஒட்டுகிறேன் என்று நினைத்தார்கள். ஒட்டவும் செய்தேன். மருந்து தயாரிக்கும் பிளான்ட்டில் சத்தத்தில் நிற்பவர்களுக்குக் காது பரிசோதனை, முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்ற பரிசோதனை, கண்ணில் பவுடர் பட்டால் கழுவுவது, ஃப்ளூ ஊசி, இவையெல்லாம் வேலை. இதற்கு நடுவில் திங்கட்கிழமை மட்டும் தலைவலி வருபவர்கள், மேனேஜர் பெயரைச் சொன்னாலே நெஞ்சு படபடப்பவர்கள், பாத்ரூமில் அழுதுவிட்டு முகம் கழுவி வருபவர்கள். வர வர அவர்கள்தான் அதிகமானார்கள்.

எங்கள் மெடிக்கல் டைரக்டர் டாக்டர் நோவாக். போலந்து வம்சாவளி, பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜெர்சி. உயரமான மனுஷி, குரல் மட்டும் சின்னது. சிரிக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஃப்ளூ ஊசிக் கூட்டம் முடிந்த அன்று சிரிப்பார். சேர்ந்த முதல் நாளே நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பதில் ஆரம்பித்தார். வந்தவருக்கும் கதவுக்கும் நடுவில் நாம் உட்காரக் கூடாது, நமக்கும் கதவுக்கும் நடுவில் அவரும் உட்காரக் கூடாது. யாருக்குப் போக வேண்டுமோ அவர் எழுந்து போக முடிய வேண்டும். பிரஷர் பார்ப்பதென்றால் கால் தரையில், முதுகு சாய்ந்து, ஐந்து நிமிஷம் பேச்சில்லாமல். அப்புறம் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். நல்லதாக இருப்பதை மட்டும் எழுதுகிற பழக்கம் ஒரு நர்ஸுக்கு இருந்தது. அவள் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். "இன்று காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது?" என்று கேட்கச் சொல்வார். மணியைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. மூன்றரை என்று ஒருவர் சொன்னால், மூன்றரைக்கு எழுந்து என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அங்கிருந்து மீதியெல்லாம் தானாக வந்துவிடும். வந்ததை, வந்தவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். உன் அபிப்பிராயத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்பார்.

எழுதுவது இரண்டு இடத்தில். ஒன்று எங்கள் ஃபைல். அது டாக்டரையும் நர்ஸையும் தவிர வேறு யாருக்கும் திறக்காது. ஹெச்.ஆருக்கும் திறக்காது. இன்னொன்று மேனேஜருக்குப் போகும் சீட்டு. அதில் மூன்றே கட்டங்கள்: வேலைக்குத் தகுதி, சில கட்டுப்பாடுகளோடு தகுதி, இப்போதைக்குத் தகுதியில்லை. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்து. என்ன வியாதி, ஏன் வியாதி எதுவும் இருக்காது. மேனேஜர்கள் போன் செய்து நைசாகக் கேட்பார்கள். டாக்டர் நோவாக், சீட்டு அனுப்பியிருக்கிறேன் என்பார். மறுபடி கேட்டால் மறுபடி அதையே, அதே குரலில். நானும் அதைப் படித்துக்கொண்டேன். ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குள் ஒரு கர்வமே இருந்தது. அந்தக் கர்வம்தான் கடைசியில் என் காலை வாரிவிட்டது.

வேல்முருகன் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தெட்டு வயது, சாத்தூர்ப் பக்கம். பிளான்ட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டங்கள் விதிப்படி ஓடுகின்றனவா என்று சோதித்துச் சான்று எழுதும் எஞ்சினியர். வாசலில் நின்று, "கேஸ் ட்ரபிள்தான் சிஸ்டர், ஒரு மாத்திரை குடுங்க போதும்" என்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேஸ் என்று சொல்கிற ஆண்களை எமர்ஜென்சியில் நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார வைத்தேன். இதயத் துடிப்பை ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்தேன், கோளாறு ஒன்றும் இல்லை. பிரஷர் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நான்கு. ஐந்து நிமிஷம் கழித்தும் கிட்டத்தட்ட அதேதான்.

எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று கேட்டேன். தூங்கினால்தானே சிஸ்டர் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். பழைய சிஸ்டத்தை மாற்றிப் புதிது போடுகிறார்கள், தணிக்கைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். பகலெல்லாம் பிளான்ட், சாப்பிட்டு முடித்ததும் சென்னை டீமோடு கால். எட்டு வாரமாக ஒரு முழு நாள் லீவு இல்லை. கூட இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள், அவர்கள் வேலையும் இவர் தலையில். மேனேஜர் பாஸ்கரிடம் சொன்னால், எல்லோருக்கும்தான் ப்ரெஷர் என்கிறாராம். இவர் ஹெச்-ஒன் விசா. வீட்டில் மனைவி சுதா, மூன்றாம் கிளாஸ் படிக்கிற பெண். கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நிற்கிறார்கள்.

நான் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் குரல் மாறியது.

"அக்கா, இதை சிஸ்டத்துல ஏத்தாதீங்க."

எங்கள் ஃபைல் ஹெச்.ஆருக்குப் போகாது, இமிக்ரேஷனுக்குப் போகவே போகாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான்க்கா. ஆனா நாளைக்கு எவன் எதை எடுத்துப் பாப்பான்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஆளுன்னுதான் உங்ககிட்ட சொன்னேன்" என்றார்.

சிஸ்டர் என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரத்தில் அக்கா என்றார். எனக்கு அந்தப் பயம் புதிதல்ல. எங்கள் கிரீன் கார்டு வரும்வரை ஸ்பீடிங் டிக்கெட்டுக்குக்கூட நடுங்கியவள் நான். ஒரு கட்டி எடுக்க வேண்டியிருந்ததை, கார்டு கையில் வரட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டவள். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசிட் என்று ஒரு பதிவைத் திறக்காமலே கம்ப்யூட்டரை மூடினேன். பிரஷரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். பாவம் பார்த்தோம் என்று அன்று திருப்தியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் மறுபடி வந்தார். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்றெட்டு. அவருடைய டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டை, அன்று தணிக்கை ஒத்திகை என்று ரத்து செய்திருந்தார். கை நடுங்கியதால் பேட்ஜை மாட்ட முடியவில்லை. அன்றே டாக்டர் நோவாக்கின் அறைக்கு அவரை அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பத்தடி தூரம். வேல்முருகனோ வேண்டாம் வேண்டாம் என்றார், தணிக்கை முடியட்டும் என்றார். நான் காபியைக் குறைக்கச் சொன்னேன். நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை பார்க்கிறவருக்கு நான் கொடுத்த சிகிச்சை அது. அன்றும் எழுதவில்லை. முதல் தடவை எழுதாததால் இரண்டாவது தடவை எழுதுவது இன்னும் கஷ்டமாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ஹாலில். பாஸ்கரும் வந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் ஒன்றாகத் தமிழ்ப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து பழக்கம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர்கள் நெருக்குவதை அப்படியே கீழே நகர்த்துகிற ஆள். சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்று, வேலு அடிக்கடி உங்கள் கிளினிக் பக்கம் வருகிறானாமே, ஏதாவது சீரியஸா என்று தமிழில், ரொம்ப அக்கறையாகக் கேட்டார். யார் வருகிறார்கள் என்பதைக்கூட நான் சொல்லக் கூடாது பாஸ்கர், நீங்கள் வடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ரகசியம் காப்பதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பாஸ்கர் வேல்முருகனிடம் ஒரு கடிதம் கொடுத்தார். உன் வேலை திருப்தியாக இல்லை, முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் நடவடிக்கை என்று சொல்லும் கடிதம். அமெரிக்கக் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வேலை போனால் விசாவுக்கு அறுபது நாள் கெடு. அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். எனக்கு அந்தக் கடிதம் பற்றி வியாழக்கிழமைதான் தெரிய வந்தது.

வியாழன் காலை கிளினிக்கைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றப் போனேன், வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். கடிதத்தைப் பற்றிச் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நேத்து சாயங்காலம் டர்ன்பைக் ஹைவேல வந்துட்டிருந்தேன்க்கா. இப்படியே கண்ணை மூடிக்கிட்டு டிவைடர்ல விட்டுட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுச்சு. தோணுச்சுன்னு இல்ல. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்."

எமர்ஜென்சியில் ரத்தம் பார்த்தவள்தான், ஆனாலும் அந்த நிமிஷம் பயந்துவிட்டேன். பயம்தான், வேறு எதுவுமில்லை. அவர் சாவதைப் பற்றிய பயம் பாதி. என் மௌனம் வெளியே வந்துவிடும் என்ற பயம் பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தன.

"வேலு, இதை நான் எழுதாம இருக்க முடியாது. டாக்டரைக் கூப்பிடப் போறேன்" என்றேன்.

எழுந்துவிட்டார். முகம் கறுத்துப் போயிற்று. "உங்களை நம்பிச் சொன்னேன். நீங்களும் அவங்க ஆளாயிட்டீங்களே" என்று பையை எடுத்துத் தோளில் போட்டார். அவருக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் போய் நின்று தடுத்திருக்கலாம். தடுத்தால் தள்ளிவிட்டு ஓடியிருப்பார், கார் சாவி அவர் கையில் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சுவரில் இருந்த பட்டனை அழுத்தினேன். அழுத்தினால் டாக்டர் அறையில் மணி அடிக்கும். அழுத்துவதை அவர் பார்க்கும்படியே அழுத்தினேன். "போறதுன்னா போங்க. ஆனா போனா நான் போலீஸுக்கு போன் பண்ணுவேன், உங்களைத் தேடச் சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யறேன்" என்றேன்.

அவர் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் நோவாக் கதவை வெளியிலிருந்து திறந்தபோது அவர் கை இன்னும் பிடியில்தான் இருந்தது. டாக்டர் அவரைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே முதலில் உட்கார்ந்தார். இன்று எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்றார். வேல்முருகன் அப்படியே மடங்கி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் கேட்ட கேள்விகளை வேறு யாரும் அவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாக நினைத்தீர்களா, எப்படி, எந்த இடத்தில், இப்போதும் அந்த நினைப்பு இருக்கிறதா. பக்கத்து வீட்டுக்காரரிடம் குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்பது மாதிரிக் கேட்டார். நான் பதில்களை வேல்முருகன் சொன்ன வார்த்தையில் எழுதினேன். பதினொரு மணிக்கு சுதா ஒரு ஊபரில் வந்து சேர்ந்தாள். கார் சாவியை அவளிடம் கொடுத்தோம். தனியாக விடக் கூடாது, ஓட்டக் கூடாது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் எதையும் மனைவியிடம் தானே சொல்லிக்கொள்வதாக வேல்முருகன் கேட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸ் பின்பக்கக் கதவுக்கு வந்தது. பாஸ்கருக்குப் போன சீட்டில் மூன்றாவது கட்டத்தில் டிக்.

ஆம்புலன்ஸ் போன பிறகு டாக்டர் ஃபைலைத் திறந்தார். முதல் விசிட் என்று அன்றைய தேதிதான் இருந்தது. இவருக்கு இதற்கு முன் ஒன்றுமே இல்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு தடவை வந்தார் டாக்டர், நான் எழுதவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு நாளின் எண்களையும் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேற்று அந்தக் கார் மோதியிருந்தால், நம் ஃபைலில் அவர் ஒரு தலைவலிகூட இல்லாத மனிதர்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தாமதப் பதிவு என்று ஒன்று உண்டு. எழுத மறந்ததைப் பிறகு எழுதலாம். ஆனால் இன்றைய தேதியைப் போட்டு, இது அந்த நாளில் நடந்தது, இன்றுதான் எழுதுகிறேன் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நான் மறந்ததாக எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டார், நான் தெரிந்தே எழுதவில்லை, அது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லைசன்ஸ் போனாலும் போகட்டும் என்று வீரமாகவெல்லாம் எழுதவில்லை. பயந்துகொண்டேதான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஹெச்.ஆரும் கம்பெனி வக்கீலும் என்னைக் கூப்பிட்டார்கள். வேல்முருகன் தரப்பில் ஒரு வக்கீல், உடம்பு கெட்ட பிறகுதான் இந்தக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதி, தன் கட்சிக்காரரின் சம்மதத்தோடு ஃபைலையும் இணைத்திருந்தார். கம்பெனி சொன்னதோ தலைகீழ்: திங்கட்கிழமை கடிதம் வந்தது, வியாழக்கிழமைதான் நோய் வந்தது. நடுவில் நிற்பது என் தாமதப் பதிவு ஒன்றுதான். அதன் தேதியும் வியாழன்.

கம்பெனி வக்கீல் இளைஞர், மிக மரியாதையானவர். பிரஷர் பார்க்கும் மிஷினில் பழைய அளவுகள் பதிவாகியிருக்குமா என்றார். இல்லை, பழைய மிஷின். வேறு யாராவது பார்த்தார்களா? இல்லை. நீங்களும் அவரும் ஒரே மொழிக்காரர்களா? ஆமாம். ஆபீஸ் சாட்டில் அவர் உங்களை அக்கா என்று கூப்பிடுகிறாரே, அதன் பொருள் என்ன? மூத்த சகோதரி என்றேன். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரையும் அண்ணன் என்போம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன பயன். அவர் கேட்டதில் ஒரு கேள்விகூடத் தப்பில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அன்றன்றைக்கே எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எதுவுமே வந்திருக்காது என்பதுதான் என் நெஞ்சில் குத்தியது.

வேல்முருகனுக்குப் பன்னிரண்டு வாரம் மருத்துவ விடுப்பு கிடைத்தது. கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. விடுப்பு முடிகிற வாரம் அவருடைய பொறுப்பையே எடுத்துவிட்டோம், ஆட்களை மாற்றி அமைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அறுபது நாள் கெடு ஓட ஆரம்பித்தது. அந்த நாட்களில் சுதாவிடமிருந்து போன் வருமோ என்று நான் வீட்டில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டாக்டர் நோவாக்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை மெயிலில் அனுப்பாமல் கையில் கொண்டுவந்து கொடுத்து, நான் படித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, நாளை காது பரிசோதனை பதினாலு பேர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெடுவின் ஏழாவது வாரம் ஒரு மதியம் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. வேல்முருகன் வந்திருக்கிறார், தன் ஃபைலின் நகல் வேண்டுமாம். விசிட்டர் பேட்ஜ் குத்திக்கொண்டு உள்ளே வந்தார். சுதா வெளியில் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆள் இளைத்திருந்தார், ஆனால் கை நடுங்கவில்லை. ரிச்சர்ட்சனில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டதாம். அடுத்த வாரம் டெக்சாஸ். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், அங்கே ஒரு மனநலக் கவுன்சிலரையும் பார்த்துவைத்தாயிற்று. கிரீன் கார்டு வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.

நகலை எடுத்துக் கொடுத்தேன். வக்கீலிடம் போன ஃபைலை அவர் படித்ததில்லையாம். நின்றபடியே படித்தார். என் தாமதப் பதிவு வந்ததும் நிமிர்ந்தார்.

"எழுத வேணாம்னு சொன்னது நான். இதுல உங்க தப்புன்னு ஏன்க்கா போட்டிருக்கீங்க?"

"நீங்க வலியோட வந்தீங்க வேலு. என்ன வேணும்னாலும் கேப்பீங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியவ நான்."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வியாழக்கிழமைப் பக்கம். அதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு கதவைத் திறந்து சுதாவை உள்ளே கூப்பிட்டார். ஐந்து மாதமாகிறது, அன்றைக்கு என்ன நடந்தது என்று இவளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, வாய் வரவில்லை என்று என்னிடம் சொன்னார். அவளிடம் காகிதத்தை நீட்டினார்.

"இதுல எழுதியிருக்கு. படி."

அவள் நின்றுகொண்டே படித்தாள். டிவைடர் வரியில் அவள் உதடு அசைவது நின்றது. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். அவள் மேலே படித்தாள். டாக்டர் கடைசியாகக் கேட்டிருந்த கேள்வி அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது: திருப்பிய பிறகு உங்களை எது நிறுத்தியது? அதற்கு அவர் சொன்ன பதில், அவர் வார்த்தையிலேயே: போன் அடித்தது.

"யார் போன்?" என்றாள் சுதா.

"நீதான். தயிர் வாங்கிட்டு வரச் சொன்னே."

அவள் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிட்டு வரலையேன்னு அன்னிக்கு உங்ககிட்ட கத்தினேனே" என்றாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.